முதல் வருஷத்துச் சொந்தக்காரர்கள்

திண்டுக்கல் பழனி சாலையில் உள்ள ஒரு கலியாண மண்டபத்தில், ஆவணி மாதத்து முகூர்த்த நாளொன்றில், பந்தி தொடங்க இன்னும் கால்மணி நேரம் இருக்கையில், முன்வரிசை நாற்காலிகளில் அமர்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்த ஐந்தாறு பேர், வாசலில் ஓர் இளைஞர் தோன்றியதைக் கண்டவுடன், ஒருவர் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டும், ஒருவர் கைகழுவப் போவதாகச் சொல்லிக்கொண்டும், மற்றவர்கள் காரணம் எதுவும் சொல்லாமலுமே எழுந்து கலைந்ததைப் பார்த்தேன். வந்தவர் கடன் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்க வந்தவர் அல்லர். எழுந்து போனவர்களில் இருவருக்கு அவர் மருமகன் முறை. ஒருவருக்குத் தம்பி மகன். நான்கு மாதத்துக்கு முன்பு வரை “வாடா மாப்பிள்ளை” என்று பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டியவர்கள்தாம் அவர்கள். இடையில் நடந்தது ஒன்றே ஒன்று: அவர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் ஆகியிருந்தார்.

அன்று பந்தியில் அவருக்கு அடுத்த இலை எனக்கு வாய்த்தது. அதன் பிறகு சில வாரங்கள், அவருடைய இருசக்கர வாகனத்தின் பின் இருக்கையில் அமர்ந்து, இந்த ஊரையும் இதைச் சுற்றியுள்ள சமவெளியையும் அவரோடு நானும் அலைந்து பார்த்தேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்; ஆகையால் நம் இளைஞர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

நம் இளைஞருக்கு வயது இருபத்தாறு. பி.காம். படித்துவிட்டு, வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் மூன்று வருஷம் கணக்கெழுதியவர். மாதச் சம்பளம் என்ற நிச்சயமான ஆதாரத்தை உதறிவிட்டு, சம்பளமும் இல்லாத, பயணப்படியும் இல்லாத, உட்காருவதற்குச் சொந்தமாக ஒரு நாற்காலிகூட இல்லாத இந்த ஜீவனோபாயத்தில் ஏன் பிரவேசித்தார் என்று கேட்டேன். “மில்லுல எவ்வளவு வேலை பார்த்தாலும் அதே சம்பளந்தான் சார். இதுல அப்படி இல்லைன்னு டி.ஓ. சொன்னாரு” என்றார். டி.ஓ. சொன்னது வாஸ்தவமே. எவ்வளவு வேலை பார்த்தாலும் அதே சம்பளம் என்ற நிலை இதில் இல்லை. எவ்வளவு வேலை பார்த்தாலும் ஒன்றுமே வராத மாதங்கள் உண்டு.

டி.ஓ. என்று எல்லோரும் சொல்லும் வளர்ச்சி அதிகாரி, ஏஜெண்டுகளைத் தேடிப் பிடித்துப் பழக்குகிறவர். அவருக்குச் சம்பளம் உண்டு. அவர் பிடித்துக்கொண்டு வரும் ஏஜெண்டுக்குக் கிடையாது. இந்த வேற்றுமை நேற்று ஏற்பட்டதன்று. சுதேசி உணர்ச்சி பொங்கியெழுந்த 1906-ஆம் வருஷத்தில் சென்னையில் யுனைடெட் இந்தியா ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனி தோன்றியது. பிற்காலத்தில் அதற்குத் தலைமை வகித்த எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், மவுண்ட் ரோட்டில் அதற்கென்று வானளாவிய மாளிகை ஒன்றை எழுப்பத் தொடங்கி, அது எழுந்து நிற்பதைப் பாராமலே 1954-இல் சிங்கப்பூர் விமான விபத்தில் மறைந்தார். மாளிகை முடிந்து 1959-இல் திறக்கப்பட்டபோது அதன் நெற்றியில் இருந்த பெயர் எல்.ஐ.சி. ஏனெனில் இடையில், நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் 1956 ஜனவரியில் கொண்டுவந்த அவசரச் சட்டத்தைத் தொடர்ந்து, நாடெங்கிலும் இருந்த 245 இன்ஷூரன்ஸ் ஸ்தாபனங்கள் ஒன்றாகத் திரட்டப்பட்டு, ஐந்து கோடி ரூபாய் அரசாங்க மூலதனத்துடன் அவ்வருஷம் செப்டம்பர் 1-ஆம் தேதி ஆயுள் காப்பீட்டுக் கழகம் உதயமாகியிருந்தது. பழைய கம்பெனிகளின் குமாஸ்தாக்களும், ஊர் ஊராகச் சுற்றிய அதிகாரிகளும் கழகத்தின் சம்பளச் சிப்பந்திகள் ஆனார்கள். ஏஜெண்ட் மட்டும் ஏஜெண்டாகவே இருந்தார், இன்றைக்கும் இருக்கிறார். அந்தக் காலத்துப் பத்திரிகைத் துணுக்குகளில் மாமியாருக்கு அடுத்தபடியாக அதிகம் பரிகசிக்கப்பட்டவரும் அவர்தான்.

உள்ளே நுழைவது கடினமன்று. பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். இருபத்தைந்து மணி நேரப் பயிற்சி. அதன் பிறகு ‘ஐ.சி. 33’ என்ற பாடத்திட்டத்தில் கணினி முன் அமர்ந்து ஒரு மணி நேரத்தில் ஐம்பது கேள்விகள். நூற்றுக்கு முப்பத்தைந்து வாங்கினால் தேர்ச்சி, தமிழிலேயே எழுதலாம். இவ்வளவு சுலபமாகக் கதவு திறக்கும் உத்தியோகம் நம் நாட்டில் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. கதவு சுலபமாகத் திறப்பதன் காரணம், உள்ளே வருகிறவருக்கு யாரும் எதையும் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கவில்லை என்பதே.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஏஜெண்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் “முதல் வருஷம் கொள்ளை கமிஷன்” என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எல்.ஐ.சி.யின் நீண்ட கால எண்டோமெண்ட் பாலிசிகளில் முதல் வருஷப் பிரீமியத்தில், போனஸ் கமிஷனையும் சேர்த்து, நூற்றுக்கு 35 வரை முன்பு கிடைத்துவந்தது. 2024 அக்டோபர் முதல், இடையில் பாலிசியைச் சரண்டர் செய்கிறவருக்குக் கூடுதல் தொகை தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதி வகுத்ததை ஒட்டி, அது 28 ஆகக் குறைந்தது. அதற்கு ஈடாகப் பின் வருஷங்களின் கமிஷன் ஐந்திலிருந்து ஏழரையாக உயர்ந்தது. இரண்டாயிரம் ரூபாய் மாதத் தவணையுள்ள ஒரு பாலிசியை நம் இளைஞர் பிடித்தால், அதில் அவருக்கு மாதம் 560 ரூபாய். மாதத்துக்கு ஒன்று வீதம் தவறாமல் பிடிக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். முதல் மாதம் 560, இரண்டாம் மாதம் 1,120 என்று ஏறி, பன்னிரண்டாம் மாதம் 6,720. வருஷம் முழுவதுக்கும் கூட்டிப் பார்த்தால் 43,680 ரூபாய். அதாவது மாதத்துக்கு 3,640. பெட்ரோலுக்கும், போகிற இடத்தில் வாங்கிக் கொடுக்கிற டீக்கும், படிவங்களை ஜெராக்ஸ் எடுப்பதற்கும் இதிலிருந்தே செலவு. ஒரு பாலிசி பதின்மூன்றாம் மாதத்தில் கால் வைத்ததும் அதன் 560 ரூபாய் 150 ஆக இறங்கிவிடும். எனவே இரண்டாம் வருஷமும் ஓய்வின்றிப் பன்னிரண்டு பேரைச் சேர்த்தாலும், அவ்வருஷக் கடைசியில் அவர் கைக்கு வருவது மாதம் 8,520 ரூபாய். இதுவும், சேர்ந்தவர்களில் ஒருவர்கூடத் தவணை நிறுத்தாமல் இருந்தால்!

இங்கே எனக்கு ஒன்று தோன்றுகிறது. இன்ஷூரன்ஸ் என்பதன் தத்துவம் என்ன? ஒருவன் தலையில் விழக்கூடிய ஆபத்தை ஆயிரம் பேர் தலையில் பங்கிட்டு, யாரும் அதனால் நொறுங்கிப் போகாதபடி செய்வது. இத்தனை அழகான ஏற்பாட்டை ஊர் ஊராகக் கொண்டு செல்வதற்கு நியமிக்கப்படுகிற புதிய ஏஜெண்டின் தலையில் மட்டும், அவன் பிழைப்பின் ஆபத்து முழுவதும், ஒரு சிறு பகுதிகூடப் பங்கிடப்படாமல் அப்படியே வைக்கப்படுகிறது. தோற்றால் நஷ்டம் அவனுக்கு. ஜெயித்தால் லாபத்தில் அவனுக்கும் ஒரு பங்கு. நான் நூறாண்டுப் பழக்கத்தைக் குறை சொல்லவில்லை. உலகமெங்கும் இப்படித்தான் என்பதும் தெரியும். ஆயினும் விசித்திரம் விசித்திரந்தானே.

அவன் தலைமேல் வைத்த பாரத்தை அவன் யாரிடம் இறக்குகிறான் என்பதுதான் கலியாண மண்டபத்தில் நான் பார்த்த காட்சி. பயிற்சி முடிந்த அன்று டி.ஓ. ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, “தெரிஞ்சவங்க பேரு நூறு எழுதிட்டு வா” என்றாராம். நம் இளைஞர் அன்றிரவு எழுதிய அந்தப் பட்டியலை எனக்குக் காட்டினார். முதல் பெயர் தாய்மாமன், அடுத்தது பெரியப்பா, பிறகு அத்தை வீட்டுக்காரர், அக்காள் கணவர், மில்லில் உடன் வேலை பார்த்தவர்கள், பள்ளித் தோழர்கள், கடைசியில் பால்காரர். நூறு எழுத வேண்டிய இடத்தில் அறுபத்தெட்டோடு பேனா நின்றுவிட்டது. தாய்மாமன் மறுக்க முடியாமல் ஆயிரம் ரூபாய்த் தவணையில் ஒன்று போட்டார். அக்காள் கணவர், அக்காளின் முகத்துக்காக, இன்னொன்று. பெரியப்பா, “பேங்க்குல வருஷத்துக்கு நானூத்தி முப்பத்தாறு ரூபாய் எடுத்துக்கிட்டு ரெண்டு லட்சம் தர்றாங்கல்ல? நீ எதுக்குடா மாசம் ரெண்டாயிரம் கேக்கிற?” என்றார்.

பெரியப்பா கேட்டது எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று. 2015-இல் தொடங்கிய பிரதம மந்திரியின் ஜீவன் ஜோதித் திட்டத்தில் 436 ரூபாய்க்கு இரண்டு லட்சம் ரூபாய்ப் பாதுகாப்பு உண்டென்பது உண்மை. உயிரோடிருந்தால் ஒரு காசும் திரும்பாது என்பதும் உண்மை. பாதுகாப்பு வேறு, சேமிப்பு வேறு. எண்டோமெண்ட் இரண்டையும் கலந்து தருவதால் விலை கூடுகிறது. இதைப் பெரியப்பாவுக்கு விளக்குவதற்கு முன் நம் இளைஞர் தமக்கே விளக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. விளக்கிக்கொண்ட பிறகு ஒரு சங்கடமும் பிறந்தது. கைக்குழந்தையும் கடனும் உள்ள ஓர் ஏழைக் குடும்பத்துக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது குறைந்த பிரீமியத்தில் பெரிய பாதுகாப்பு. ஏஜெண்டின் வயிறு நிறைவதோ பெரிய பிரீமியத்தில். இரண்டையும் ஒரே தராசில் வைத்து நேராக நிறுத்தும் பொறுப்பை, தேர்வில் நூற்றுக்கு முப்பத்தைந்து வாங்கிய ஓர் இளைஞனிடம் ஒப்படைத்திருக்கிறோம்.

இன்னொரு தொல்லையும் உண்டு. “முதல் தவணையை நீயே கட்டிரு, அப்புறம் பார்த்துக்கலாம்” என்று கேட்பது இந்த ஊரில் வெட்கத்துக்குரிய காரியமாகக் கருதப்படுவதில்லை. 1938-ஆம் வருஷத்து இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, கமிஷனில் ஒரு பகுதியை வாடிக்கைக்காரருக்குத் தள்ளிக் கொடுப்பதையும், அவர் அதை வாங்கிக்கொள்வதையும் தடுக்கிறது. மீறினால் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்தப் பிரிவு ஒவ்வொரு புரபோசல் படிவத்திலும் அச்சிட்டிருக்கிறது. பேரம் அந்தப் படிவத்தின் மேலேயே நடக்கிறது. அப்படித் தவணை கட்டிக் கேஸ் பிடித்தவர், வருஷம் முழுவதற்கும் வரவேண்டிய 6,720-இல் இரண்டாயிரத்தை முதல் நாளே இழந்துவிடுகிறார். சொந்தப் பணத்தில் ஒரு காசும் போடாத வாடிக்கைக்காரரோ, மூன்றாம் மாதம் பாலிசியை லாப்ஸ் ஆக விட்டுவிடுகிறார்.

ஏழெட்டு மாதத்தில் பட்டியல் தீர்ந்துபோகிறது. அத்தோடு தொழிலும் தீர்ந்துவிடுகிறவர்களே அதிகம் என்று பழைய ஏஜெண்டுகள் சொல்கிறார்கள். மிஞ்சுகிறவர்களுக்கு அப்போதுதான் தொழில் ஆரம்பம். அவர்களுக்கு ஊர் தெரிய வேண்டும். எந்தத் தெருவில் எந்த நேரத்தில் எந்த மாதத்தில் கையில் பணம் இருக்கும் என்ற ஞானம் எந்தப் பயிற்சியிலும் கிடைப்பதில்லை. நிலக்கோட்டைப் பூ விவசாயிக்குத் தினசரி காசு. பனி விழுந்து மல்லிகை வரத்துக் குறைகிற மார்கழி, தையில் விலை ஏறிக் கை நிறைகிறது, வரத்துப் பெருகும் மாதங்களில் பறிகூலிக்கே கட்டாது. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில், கேரளத்துக்கு லாரி ஏறிய பிறகுதான் யாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். சின்னாளபட்டித் தறிக்காரருக்குக் கூலி வாரக் கணக்கில். வேடசந்தூர் மில் தொழிலாளிக்கு மாதச் சம்பளம். ஆனால் ஷிப்ட் மாறும் நேரத்தில் வாசலில் நின்றால் கிடைப்பது மூன்று நிமிஷம். பேகம்பூரில் வெள்ளிக்கிழமை மத்தியானம், தொழுகை நேரத்தில், போகக்கூடாது. இவற்றையெல்லாம் அறிந்து, இன்னாருக்கு மாதத் தவணை, இன்னாருக்கு அரையாண்டுத் தவணை, அதுவும் தை மாதத்தில் விழும்படி என்று வகுத்துக் கொடுக்கிறவரின் பாலிசி எளிதில் லாப்ஸ் ஆவதில்லை. சமவெளியின் பொருளாதாரத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்ய விரும்புகிறவர்கள் இருபது வருஷ ஏஜெண்ட் ஒருவரின் டைரியைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

ஒரு நாள் பூட்டுப் பட்டறைக்குப் போனோம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டறைகள் அதற்கு வெகு முன்பிருந்தே குறைந்துகொண்டு வருகின்றன. பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கும் அந்தக் கொட்டகையில், ஒரே ஒரு குழல் விளக்கின் கீழ், ஐம்பதை நெருங்கும் ஒருவர் சாவியின் பற்களை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். இரண்டு இழுப்பு, சாவியைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டு வந்து ஒரு பார்வை, பூட்டில் நுழைத்து ஒரு திருப்பு, மறுபடி இரண்டு இழுப்பு. தரையில் பித்தளைத் தூள் மின்னியது. நிமிராமலே, “சொல்லுங்க தம்பி. கை வேலை பார்க்கும், காது கேக்கும்” என்றார்.

நம் இளைஞர் தமக்குப் பாடமாகியிருந்ததைச் சொன்னார். பட்டறைக்காரர் கேட்டுக்கொண்டார்.

“நான் செத்தா அஞ்சு லட்சம் வரும். சரி. கண்ணு போச்சுன்னா?”

“விபத்துல போனா அதுக்குத் தனியா ரைடர்னு ஒண்ணு சேர்த்துக்கலாம்ணே.”

“விபத்து இல்ல தம்பி. இதை உத்து உத்துப் பார்த்தே போகும். எங்கப்பாவுக்கு அப்படித்தான் போச்சு. அதுக்கு என்ன வரும்?”

நம் இளைஞர் என்னைப் பார்த்தார். நான் பித்தளைத் தூளைப் பார்த்தேன். “கேட்டுச் சொல்றேண்ணே” என்று விடைபெற்றோம். வரும் வழியில் டீக்கடையில் இந்தச் சம்பாஷணையை அவர் சொல்லக் கேட்ட மூத்த ஏஜெண்ட் ஒருவர் (எந்தக் கம்பெனி என்று நான் விசாரிக்கவில்லை) “ரைடர் இருக்குன்னு சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கணும், அவரு கண்ணு போறப்ப நீ எங்க இருக்கப்போற?” என்று உபதேசித்தார். நம் இளைஞர் அன்றிரவு பாலிசி விதிகளின் சிறிய எழுத்துகளை இரண்டு தடவை படித்தார். ஒன்பது நாள் கழித்துத் திரும்பப் போய், “அண்ணே, வயசுல போற பார்வைக்கு இதுல ஒண்ணும் வராது. விபத்துல ரெண்டு கண்ணும் போனாத்தான்” என்றார். பட்டறைக்காரர் அரத்தைக் கீழே வைத்தது அப்போதுதான். தமக்குப் பாலிசி வேண்டாம் என்றும், ஆனால் தங்கை மகன் மில்லில் இருக்கிறான், போன மாசம் பிள்ளை பிறந்திருக்கிறது, தாம் அனுப்பியதாகச் சொல்லிப் போய்ப் பார்க்கும்படியும் சொன்னார். நோட்டுப் புத்தகத்தின் அறுபத்தெட்டுப் பெயர்களில் இல்லாத முதல் பாலிசி அது.

இந்தச் சிறு நேர்மைக்குச் சட்டத்திலும் ஓர் இடம் இருக்கிறது. ஒவ்வொரு புரபோசலோடும் ஏஜெண்ட் தம் கைப்பட ஒரு ரகசிய அறிக்கை தர வேண்டும். இவரை எவ்வளவு காலமாகத் தெரியும், தேக நிலை எப்படி, வருமானம் எவ்வளவு என்று அதில் கேள்விகள். கம்பெனியின் கண்கள் திண்டுக்கல்லுக்கு எட்டுவது அந்த ஒரு தாளின் வழியாகத்தான். “சர்க்கரை இருக்குன்னு எழுதினா பிரீமியம் ஏறும், போடாதீங்க தம்பி” என்று வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வரும். சட்டத்தின் 45-ஆம் பிரிவின்படி, பாலிசி தொடங்கி மூன்று வருஷம் நிறைந்துவிட்டால் எந்தக் காரணத்துக்காகவும் அதைக் கம்பெனி கேள்வி கேட்க முடியாது. அதற்குள் மரணம் நேர்ந்தால், மறைத்த சர்க்கரை வியாதி வெளிவந்து, பணம் மறுக்கப்படலாம். அப்போது அந்த வீட்டு வாசலில் நிற்க வேண்டியவர் ஹைதராபாத்தில் இருக்கும் ஆணையத்தின் தலைவர் அல்லர்; அதே தெருவில் நாளைக்கும் வண்டியோட்டிப் போகவேண்டிய ஏஜெண்ட்.

புதியவர்களின் பாரத்தை ஓரளவு பங்கிட்டுக்கொள்ளும் முயற்சி ஒன்று அண்மையில் நடந்திருக்கிறது. 2024 டிசம்பர் 9-ஆம் தேதி பானிபட்டில் தொடங்கி வைக்கப்பட்ட ‘பீமா சகி’ திட்டத்தில், பத்தாவது படித்த பெண்கள் ஏஜெண்டாகச் சேர்ந்தால், குறிப்பிட்ட இலக்கை எட்டுவதன் பேரில், முதல் வருஷம் மாதம் 7,000, அடுத்த வருஷம் 6,000, மூன்றாம் வருஷம் 5,000 ரூபாய் என்று உதவித்தொகை உண்டு, கமிஷன் தனி. சின்னாளபட்டியில் மகளிர் குழுவில் இருக்கும் ஓர் அம்மாள் இதில் சேர்ந்திருக்கிறார். “ஆம்பளைங்க கலியாண வீட்டுல பேசுறாங்க. நாங்க குழுக் கூட்டத்துல பேசுறோம். அங்க எந்திரிச்சு ஓட முடியாதுல்ல?” என்று சிரித்தார். மறுபுறம், 2025 ஜனவரி 20 அன்று இருபத்து நாலு மணி நேரத்தில் 4,52,839 ஏஜெண்டுகள் 5,88,107 பாலிசிகளை முடித்ததாகக் கின்னஸ் புத்தகத்தில் எல்.ஐ.சி. இடம்பெற்றது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஒன்றே காலுக்குச் சற்று மேல்தான். சாதனை படைத்த நாளிலும் பலருக்குக் கிடைத்தது ஒரே ஒரு கையெழுத்து.

கடைசியாக நம் இளைஞரோடு பிராஞ்சுக்குப் போனது மார்ச் மாதத்தின் நெரிசலில். கவுண்டருக்கு முன்னால், எழுபது வயதிருக்கும் ஓர் அம்மாள், மஞ்சள் பையிலிருந்து கமிஷன் தாள்களை எடுத்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். ஏஜெண்ட் குறிப்பிட்ட காலம் நிலைத்திருந்து இறந்துபோனால், அவர் பிடித்த பாலிசிகள் நடக்கும் வரையில் அவற்றின் கமிஷன் வாரிசுக்குப் போய்க்கொண்டேயிருக்கும். ஏஜெண்டுக்குச் செய்யப்பட்டிருக்கும் தயவு அது. அம்மாளின் கணவர் காலமாகி ஒன்பது வருஷம். போன மாதம் வந்த 412 ரூபாய் இந்த மாதம் 357 ஆகக் குறைந்தது ஏன் என்று கேட்க, செம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார்.

குமாஸ்தா திரையைப் பார்த்தார். “ஒரு பாலிசி மெச்சூர் ஆயிருச்சும்மா. இருபத்தஞ்சு வருஷம் கட்டி முடிச்சுட்டாங்க.”

“யாருது, சொல்லுங்க?”

அவர் பெயரைச் சொன்னார். அம்மாள் தாள்களை ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

“அதுதான் அவரு மொதமொத போட்டது. என் தம்பிக்கு. அதுக்காக மூணு மாசம் எங்கிட்டப் பேசாம இருந்தான்” என்றார்.